ஆறிலிருந்து ஒன்பது வரை

எங்கள் செருப்புக் கடையில் அவளுக்கு அளவுக்காரி என்று பெயர். வாசலில் ஏறும் காலைப் பார்த்தே நம்பர் சொல்லிவிடுவாள். நான் அக்கா என்று கூப்பிடுவேன். பெட்டிகள் அடுக்கிய பரணில் என் வேலை. கீழேயிருந்து அவள் நம்பரைச் சொல்ல, நான் பெட்டியை இறக்குவேன். பதினோரு வருஷமாக எங்கள் பேச்சில் பாதி நம்பர்தான்.

மத்தியானத்தில் கடை அரைத்தூக்கத்தில் கிடக்கும். தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடிகளில் கால்கள் மட்டும் வந்து போகும். மேலிருந்து பார்த்தால் அவற்றின் நடுவே அவள் மெல்ல மிதப்பதுபோல் இருக்கும். "தண்ணிக்குள்ள நடக்கற மாதிரியே இருக்குடி" என்றாள் ஒருநாள். கனவைச் சொல்வதுபோலச் சொன்னாள். நானும் கனவென்றே எடுத்துக்கொண்டேன்.

அவள் கால் ஆறாம் நம்பர். போன வருஷம் தனக்கென்று ஏழு கேட்டாள். நாலு மாதத்தில் எட்டு. சாயங்காலம் கால் சற்றுப் பெருக்கும், செருப்பை அப்போதுதான் வாங்க வேண்டும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் நடத்துபவள் அவள். தன் கால் காலையிலேயே பெருத்திருந்ததை மட்டும் வெயில், வயசு, நிற்கிற வேலை என்று தட்டிக் கழித்தாள். வீங்குகிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். உப்புப் போட்ட சிப்ஸ் பாக்கெட்டை விடவில்லை. ஒன்பது கேட்ட அன்று, அடுத்தது படகுதான் அக்கா என்றேன். கடையே சிரித்தது, அவளும்தான்.

வேறு எங்காவது வேலை பார்த்திருந்தால் செருப்பு கடித்திருக்கும், டாக்டரிடம் போயிருப்பாள். எங்களிடம் எல்லா நம்பரும் இருந்தது.

மறுவாரம் ஒரு குழந்தைக்கு ஷூ மாட்டி, நுனியில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். எழ முடியாமல் மூச்சு வாங்கியது. என்ன தோன்றியதோ, அதே விரலைத் தன் கணுக்காலுக்கு மேல் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. ஏணியில் நின்ற நான் பெட்டியைப் போட்டுவிட்டு இறங்கி ஓடினேன். மூன்று தலையணை வைத்தால்தான் படுக்க முடிகிறது என்பதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில்தான் சொன்னாள்.

இதயம் களைத்துவிட்டது, அதனால்தான் உடம்பில் நீர் தங்குகிறது என்றார் டாக்டர். மாத்திரை தந்தார். உப்பைக் குறை, தண்ணீர் எவ்வளவு என்று என்னைக் கேள், தினமும் காலையில் எடை பார், இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் ஓடி வா என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

வீக்கம் வடிந்து அவள் வேலைக்குத் திரும்ப மூன்று வாரமானது. முதலாளி உட்கார ஸ்டூல் போட்டிருந்தார். அன்று நான் பரணைவிட்டு இறங்கவேயில்லை. மத்தியானம் அவளே ஏணியடியில் வந்து நின்றாள்.

"நீ கேட்டிருந்தாலும் வெயில்னுதான்டி சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பாள்தான். ஆனால் நான் கேட்கவேயில்லை.