சிவப்புப் பாவில் பச்சை ஊடை

நாத்தனாரின் முகூர்த்தப் புடவைக்கு நிறம் சொல்லும் பொறுப்பை மாமியார் என்னிடம் விட்டிருந்தார். நான் படித்த மருமகள். நீளவாக்கில் ஓடும் பாவுக்குக் குங்குமச் சிவப்பு, குறுக்கே ஓடும் ஊடைக்குக் கிளிப்பச்சை என்று நூல் கட்டுகளைப் பார்த்துச் சொன்னேன். தனித்தனியே இரண்டும் அழகு. கலந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் நெய்பவர் காலையிலேயே வரச் சொன்னார். ஒன்றரை வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். தறியில் ஒரு சாண் ஏறியிருந்தது. பழுப்பு. மழைத்தண்ணீர் வடிந்த சேற்றின் நிறம்.

"அன்னிக்கே கேட்டேனேமா, வேற ஊடை போடலாமான்னு. இதே ஜோடியைப் போன்ல படத்துல பார்த்தேன், நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்ன."

"மாத்த முடியாதா அண்ணா?"

"இப்பவே நிறுத்தினா ஊடைக்கும் சிவப்பு போட்டுடுவேன். இதை அறுத்துடலாம். இன்னும் ஓட்டினா பாவு பத்தாது. சொல்லுமா, நேரம் போய்க்கினே இருக்குது."

"ஒரு நிமிஷம்."

நாத்தனாரைக் கேட்பதற்காக அந்த நிமிஷத்தைக் கேட்கவில்லை. அந்த நிறத்துக்குக் கௌரவமான ஒரு பெயர் தேடினேன். கல்லூரி ஆங்கில வகுப்பில் கேட்ட ஒரு சொல் நினைவுக்கு வந்தது: சப்ஃபஸ்க். கைபேசியில் பார்த்தேன். மங்கலான, களையற்ற நிறம். லத்தீனில் 'ஃபஸ்கஸ்' என்றால் கருமை கலந்த பழுப்பு; முன்னே நிற்கும் 'சப்' அதைச் சற்றுக் குறைக்கிறது. இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர்கள் தேர்வுக்கும் பட்டமளிப்புக்கும் உடுத்தும் கறுப்பு உடைக்கும் அதுவே பெயராம்.

பேச்சு எனக்குள் தயாராகிவிட்டது. பெரிய நாட்களில் அடங்கிய நிறம்தான் மதிப்பு என்று சொல்லலாம். மாமியார் நம்பக்கூடும், நான் படித்தவள். ஆனால் தாலி ஏறும்போது அத்தனை பேர் நடுவில் இதைக் கட்டிக்கொண்டு உட்காரப்போவது நாத்தனார்.

அவளை வீடியோவில் அழைத்துத் தறியைக் காட்டினேன்.

"அண்ணி, இது என்ன கலரு?"

"அழுக்குக் கலரு. தப்பு என்னோடது. இப்ப நிறுத்தினா முழுச் சிவப்பா ஆக்கிடலாமாம்."

"அப்ப நிறுத்தச் சொல்லுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

நெய்பவர் பச்சை நூலைக் குறுக்கே ஓட்டும் நாடாவை எடுத்துக் கீழே வைத்தார். மகளை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மாமியாரின் எண்ணை அழுத்தினேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.