தூக்காத துண்டு

மீன் சந்தையில் அவளுக்குப் பெயர் சைரன். ஒரு குரல் கொடுத்தால் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். சரி, விற்க மீன் வேண்டாமா? கரையோரக் கடல் வருடா வருடம் சூடேறிக்கொண்டே போக, சூரை மீன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டது. அவள் புருஷன் வெறும் படகோடு போய் வெறும் படகோடு திரும்பினான். டீசல்தான் தண்டம்.

போதாக்குறைக்கு, தனிப் படகு வைத்திருந்த அவள் தம்பி தினமும் வந்து ஓதினான். "மாமா, கடல் செத்துப்போச்சு. படகை வித்துட்டு வேற வேலை பாருங்க. நானும் அதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்."

புருஷன் பிடி கொடுக்கவில்லை. படகு போனால் அந்த மனுஷன் நடைப்பிணம் என்று அவளுக்குத் தெரியும்.

அன்று வேறு வழியில்லாமல், மீன் வாங்கி விற்கலாமென்று தூரத்து ஊர் ஏலக்கூடத்துக்குப் போனாள். அங்கே பெட்டி பெட்டியாகச் சூரை! ஒன்றைப் புரட்டிப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. ரத்தம் வடியட்டுமென்று பக்கச் செட்டைக்கு அடியில் சாய்வாகப் போட்ட இரண்டு கீறல். செத்துப்போன அவள் அப்பாவின் கைவழக்கம் அது. அப்படிக் கீறுகிறவன் இப்போது ஒருவன்தான்.

கூடத்தின் பின்னால் தம்பி பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளாடா இது?"

அவன் மறைக்கவில்லை. "ஒரு வருஷமா. மீனெல்லாம் குளிர்ந்த தண்ணியைத் தேடி ரொம்ப தூரம் போயிடுச்சு அக்கா. இருக்கிறது ஒரு படகுக்குத்தான் காணும்."

அவர்கள் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மீன் கூட்டத்தைக் கண்டவன் கம்பில் துண்டைக் கட்டித் தூக்கிக் காட்ட வேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்குக்கூட அதை மறைக்க மாட்டார்கள்.

"ஊருக்குத் தூக்க வேணாம்டா பாவி. உன் மாமா காதுலயாவது போட்டிருக்கலாமே!"

"மாமாகிட்ட சொன்னா அவர் ஊருக்கே துண்டைத் தூக்கிடுவாரே அக்கா."

உண்மைதான், அந்த ஆள் தூக்கிவிடுவான். நல்லவனாக இருந்ததே குற்றமாகிப் போனதே! இடுப்பில் சுமந்து வளர்த்த பிள்ளை இவன்.

"கூடப் பொறந்தவனே குழி பறிச்சுட்டியேடா!" அவள் போட்ட சத்தத்தில் ஏலமே ஒரு கணம் நின்றது.

வீட்டில் புருஷன் பகல் வேளையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான்.

"படகைக் கொடுத்துட்டேன். உன் தம்பி அனுப்பின ஆளு வந்து ஓட்டிட்டுப் போயிட்டான். நமக்காக எவ்வளவு அலைஞ்சிருக்கான் பாரு அந்தப் பையன்."

அவள் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். தம்பியை அவன் திட்டுவான், அடிக்கக் கிளம்புவான் என்று நினைத்தாள்.

"அப்போ மீன் இருக்கா?" அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நான் சொல்லல? எங்கயாவது இருக்கும்னு சொன்னேன்ல!"

ஆணியில் மாட்டியிருந்த தூண்டில் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினான். அவனைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. தெருமுனை வரை போனவன் அப்படியே நின்றுவிட்டான்.