ஏரியில் விழுந்த பெட்டி

எழுபதுகளில், நாங்கள் பறக்கவிட்ட ஆராய்ச்சி பலூன் திசைமாறிப் பழவேற்காடு ஏரியில் விழுந்தது. தூரத்து விண்மீன் மண்டலங்களின் கதிர்களைப் பதிக்கும் படச்சுருள் அதன் பெட்டிக்குள் இருந்தது. மூன்று வருட உழைப்பு அது.

தேட அழைத்துப்போன படகுக்காரர் ஒல்லியானவர், உப்பில் வெளுத்த புருவம். கழியைச் சேற்றில் குத்தி, பெட்டியில் இடிக்கும் சத்தம் வருகிறதா என்று மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்.

"அதுல இன்னா சார் கீது?"

"கோடி கோடி மைலுக்கு அப்பாலேருந்து வந்த கதிர் பதிஞ்சிருக்கும்."

"அம்மாந்தூரம் வந்தத இங்கயா வுட்டுட்டுப் போறது?" என்று குதித்துவிட்டார்.

நான்காவது முழுக்கில் பெட்டியை மார்போடு அணைத்தபடி எழுந்தார். உள்ளே சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஆய்வுக்கூடத்து இருட்டறையில் படச்சுருளைக் கழுவியதும் கதிர்களின் தடங்கள் பளிச்சென்று தெரிந்தன. ஆய்வுக்கூடமே கைதட்டியது.

ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். அதில் கதிர் பதிந்திருந்த கோட்டை விரலால் தடவி, "வந்து சேந்துட்டியா, நைனா!" என்றார்.

எங்களில் யாருக்கும் அதை அப்படி வரவேற்கத் தோன்றவில்லை.