மாமா கட்டிக் கொடுத்த தோள்பை

நாளைக்கு காலையில சிங்கப்பூர் ஃப்ளைட். ஒரு போன், ஒரு கேமரா, ரெண்டு சார்ஜர். எல்லாமே ஒரு தோள்பையில அடங்கிடுச்சு.

எங்க மாமாவுக்கு விருத்தாசலம் பீங்கான் கம்பெனியில முப்பது வருஷமா பேக்கிங் வேலை. பையைப் பாத்ததும் அவரு மூஞ்சியே மாறிடுச்சு.

"இப்பிடியா கட்டுவாங்க? குடு மாப்ள, நான் பாத்துக்கறேன்."

மத்தியானம் தூங்கி எந்திரிச்சா, கூடத்துல ஒரு மரப்பெட்டி. இடுக்குல வைக்கோல் எட்டிப் பாக்குது. சுத்தி ஆணி. மேல சிவப்பு மையில 'உடையும் பொருள்'. மாமா வூட்டுக்குப் போயிட்டாரு.

பெட்டிக்குள்ள என் செல்லு அடிச்சுது. எடுக்க வழியில்ல. அது நின்னதும் லேண்ட்லைன் அடிச்சுது. மாமா.

"நான்தான் செல்லுக்கு அடிச்சேன். சத்தம் நல்லா கேட்டுதா? பாத்தியா, ஒண்ணும் உடையல!"

பாஸ்போர்ட்டும் அந்தப் பையிலதான் இருக்குது. கடப்பாரை வெச்சிருக்கிறவங்க கமெண்டுல வாங்க. மாமாகூட வேலை பாக்கறவங்க வேணாம், திரும்பவும் கட்டிடுவீங்க.