பிறந்த வீட்டுக் கோடியும் டெல்லி விமானமும்

மெட்ராஸிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம்தான் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர்கள் யாரும் கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பிப் பார்த்ததில்லை.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. டெல்லியில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் என்னை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டு, விமான டிக்கெட்டும் அனுப்பியிருந்தது. பஸ் ஓடவில்லை. சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். தப்பித்தவறி வருகிற வண்டியை நிறுத்தி எந்த ஊர் என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, எந்தத் தெரு. நாங்கள் காலனித் தெரு; மறித்தவர்கள் ஊர்த்தெரு. அதைச் சொன்னால் என்ன ஆகுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

சாவுக்குப் போகிறவர்களை மட்டும் விட்டார்கள். அதிலும், செத்துப்போன அக்காவுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை கொண்டுபோகிற தம்பியை யார் மறிப்பார்கள்? அது வந்து சேராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அம்மாவே ஒரு புதுப்புடவையையும் மாலையையும் கொண்டுவந்து, தன் தம்பியான என் மாமாவின் மொபெட்டில் வைத்தார்.

"அக்கா செத்துப் போச்சி, கோடி எடுத்துக்கினு போறேன்னு சொல்லுடா தம்பி. எனக்கு ஒண்ணும் ஆயிடாது. பொண்ணு போய்ச் சேரணும்."

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் மறித்தார்கள். மாமா அப்படியே சொன்னார். புடவையையும் மாலையையும் எடுத்துக் காட்டினார். துண்டு போட்டிருந்த பெரியவர் ஒருவர் கிளையை இழுத்து வழிவிடச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"செத்தவங்க உனுக்கு இன்னா வேணும்மா?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"எங்க அம்மா. அவங்க சாகல. வூட்ல நல்லா இருக்காங்க. நான் டெல்லிக்கு வேலைக்குப் போறேன். காலனித் தெரு. நீங்களும் வேலை கேட்டுத்தான மரத்த வெட்டிப் போட்டுக்கினு நிக்கிறீங்க?"

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். "வண்டிய திருப்புய்யா!" என்று பெரியவர் கத்தினார்.

"வண்டி திரும்பட்டும். நான் நடந்து போறேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மரத்தின் மேலேறி அந்தப் பக்கம் குதித்தேன். முதுகுக்குப் பின்னால் யாரோ அசிங்கமாகத் திட்டினார்கள். நான் நிற்கவில்லை.

நடந்தும் அகப்பட்டதில் தொற்றிக்கொண்டும் மீனம்பாக்கம் சேர்ந்தபோது விமானம் போய்விட்டிருந்தது. ரயிலேறினேன். டெல்லியில், தேர்வெல்லாம் முடிந்துவிட்டது, போ என்றார்கள். போக மாட்டேன் என்று அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய்க் கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஏன் தாமதம் என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். நடுவில் இருந்தவர் சிரித்தார்.

"ஒரு சின்னப் பொய்தானே? வாயை மூடிக்கொண்டிருந்தால் சொகுசாகப் பறந்து வந்திருக்கலாமே."

"என் அம்மா உயிரோடு இருக்கிறார் சார். அவரைப் பாடையில் வைத்துவிட்டு ஏறுகிற விமானம் எனக்கு வேண்டாம்."

வேலை கொடுத்தார்கள். கொடுக்காமல் அனுப்பியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.