அவிழ்த்துக் கட்டிய மூட்டை

கடைக்காரர் படியால் அளக்கும்போது அரிசியைப் பார்க்காமல் அவருடைய கட்டைவிரலைப் பார்க்கிற ஆள் நான். யாரையும் சுலபத்தில் நம்பியதில்லை. லாரி ஃபிட்டராகப் பிழைக்கிறவனுக்கு அது நல்ல குணம் என்றே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். லாரிக்கு உதிரிப் பாகம் என்றால் குதிரைக் கொம்புதான். கொல்லிமலை அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர் பழைய லாரி ஒன்றை வாங்கி, அதன் இஞ்சினை மலைமேலிருக்கும் வளப்பூர் நாட்டுக்குக் கொண்டுபோய் மாவு மில் ஓட்ட ஆசைப்பட்டார். அப்போது மலைமேல் லாரி ஏறும் ரோடு கிடையாது, ஒற்றையடிப் பாதைதான். இஞ்சினை அடிவாரத்தில் பிரித்துக் கொடுத்தால் மலைக்காரர்கள் தோளில் சுமந்து போவார்கள், மேலே போய் நான் பூட்டித் தர வேண்டும் என்று ஏற்பாடு.

நான்கு பிஸ்டன், அவற்றைத் தாங்கும் இரும்புத் தண்டாக நான்கு ராடு. ஒவ்வொரு ராடின் கீழ்முனையிலும் கிராங்க் என்ற சுழல்தண்டைக் கவ்விப் பிடிக்க அரைவட்டமாக ஒரு மூடி உண்டு. பார்வைக்கு நான்கு மூடியும் ஒன்றுதான். ஆனால் ஒரு ராடின் மூடி இன்னொரு ராடுக்குச் சேராது; ஜோடியாக வைத்துக் கடைந்தவை அவை. அவற்றில் உளியால் எண் வெட்டியிருக்க வேண்டும். நான் அவசரத்தில் சாக்பீஸால் எழுதி, ஜோடி ஜோடியாகச் சாக்கில் சுற்றி, இரண்டு மூட்டையாகக் கட்டிவிட்டேன்.

மற்ற சுமைகளெல்லாம் மத்தியானத்துக்கே மேலே வந்து சேர்ந்தன. ராடுகளைச் சுமந்தவர் மட்டும் பொழுது சாயத்தான் வந்தார். நடுவயதுக்காரர், அதிகம் பேசாதவர். வழியில் தூறலில் நனைந்திருந்தார். அவர் சுமையை இறக்கியதுமே என் கண் கயிற்றுக்குப் போனது. அது நான் போட்ட முடிச்சு இல்லை.

மறுநாள் காலை பூட்ட உட்கார்ந்தேன். சாக்பீஸ் எழுத்து தூறலில் போயிருந்தது. ஒன்றும் இரண்டும் சரியாக அமர்ந்தன. மூன்றாவது ராடில் மூடியை வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன். மயிரிழை அளவு இடறியது. நான்காவதிலும் இடறியது. பூட்டிச் சுற்றிப் பார்த்தால் கிராங்க் பாதியில் இறுகி நின்றுவிட்டது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அந்தச் சுமைக்காரன் அடிவாரத்து லாரி ஷெட் எதிலோ என் நல்ல மூடி இரண்டைக் காசுக்குக் கொடுத்துவிட்டு, கழித்துப் போட்ட மூடி இரண்டை வாங்கிக் கட்டியிருக்கிறான். இல்லாவிட்டால் அரை நாள் தாமதம் எதற்கு?

மில் களத்தில் இஞ்சினை வேடிக்கை பார்க்க ஊரே கூடியிருந்தது. அத்தனை பேர் நடுவில் அவரைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

"மூட்டையை அவுத்தியா?"

"அவுத்துக் கட்டுனேனுங்க. ஏனுங்கன்னா..."

அதற்குமேல் நான் பேச விடவில்லை. அவிழ்த்ததை அவனே ஒத்துக்கொண்டான், இன்னும் என்ன வேண்டும் என்று வியாபாரியிடம் சொன்னேன். திருடன் என்றும் சொன்னேன். இனி என் மிளகு உன் தோளில் ஏறாது என்று வியாபாரி அவரிடம் சொல்லிவிட்டார். அந்தக் குடும்பம் கையில் காசு பார்ப்பது அந்த மிளகுச் சுமையால்தான். அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். எனக்கு அப்போது திருப்தியாகத்தான் இருந்தது.

ஷெட் ஷெட்டாக விசாரித்துவர ஒரு ஆளை அடிவாரத்துக்கு அனுப்பினேன். அவன் வெறுங்கையோடு திரும்பினான். ஷெட்டுக்காரர்களும் கூட்டு என்று முடிவு கட்டினேன். என் ஸ்பானர்களைப் பொழுதுக்கும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் மில்லுக்குப் பக்கத்திலிருந்து மிளகுச் சுமைகள் கிளம்பின. ஒருவர் காவுதடியைத் தோளில் ஏற்றினார். அதன் இரு முனையிலும் மூட்டைகள். இரண்டடி நடந்து பார்த்துக் கீழே இறக்கினார். ஒரு மூட்டையை அவிழ்த்து, இரண்டு கை மிளகை அள்ளி மற்றதில் போட்டுக் கட்டினார். அடுத்தவரும் அதையே செய்தார். எதற்கு என்று கேட்டேன். ஒரு பக்கம் கனத்தால் அந்தச் செங்குத்துப் பாதையில் ஆளையே பள்ளத்தில் தள்ளிவிடும், கனம் சரியாகும்வரை வழியில் எத்தனை தடவையானாலும் அவிழ்த்துக் கட்டித்தான் நடப்போம் என்றார். அவர் போட்ட முடிச்சைப் பார்த்தேன். காவுதடியில் வந்த ராடு மூட்டைகளில் இருந்த அதே முடிச்சு.

உள்ளே ஓடி, மூன்றின் மூடியை நான்கிலும் நான்கின் மூடியை மூன்றிலும் வைத்தேன். நகம் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனது. கனத்துக்காக அந்த இரண்டு மூடிகளையும் மற்ற மூட்டைக்கு மாற்றியவர், ஏற்றம் முடிந்ததும் ராடுக்கு ஒன்றாகத் திரும்ப வைத்துக் கட்டியிருக்கிறார். எது எதனுடையது என்று அவருக்குத் தெரிய நான் எண் வெட்டியிருந்தால்தானே? மாற்றி வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அது எனக்குத் தோன்றவில்லை. திருட்டுதான் முதலில் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் இஞ்சின் ஓடியது. கேழ்வரகுக் கூடைகளோடு பெண்கள் வந்து நின்றார்கள். சின்னக் கோளாறு, சரிசெய்துவிட்டேன் என்று மட்டும் வியாபாரியிடம் சொன்னேன். பிறகு யார் கண்ணிலும் படாமல் அந்தச் சுமைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி திருகையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுமைக்காரர் நடவுக்கு மரவள்ளிக் குச்சி நறுக்கிக்கொண்டிருந்தார். தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவரிடம் நான் மரியாதையாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஊடு தேடி வந்து சொன்னீங்க, சந்தோசமுங்க. என்னைய எங்க நிறுத்தி வெச்சுக் கேட்டீங்களோ, அங்க சொல்லுங்க சாமி."

சாயங்காலம் எல்லோரும் களத்துக்கு வருவார்கள், கட்டாயம் சொல்கிறேன் என்றேன். அவர் சரிங்க என்றார். நான் சொல்வேன் என்று அவர் நம்பினார். அவர் முகத்தில் அது தெரிந்தது.

சொல்ல வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். திரும்பி நடக்கும்போது, அத்தனை பேர் முன்னால் எண் வெட்டத் தெரியாத ஃபிட்டராக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மத்தியானச் சோற்றுக்கு முன்பே ஸ்பானர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கிவிட்டேன்.