கம்பத்தில் வேலை

மின்கம்பி இழுக்கும் வேலையைச் சம்பளம் இல்லாமல் கற்றுத்தர ஆளுக்கு ஆள் தயாராக இருந்தார்கள். "மொதல்ல கத்துக்கப்பா, காசெல்லாம் அப்பறம் பாக்கலாம்" என்பார்கள். என் வயிறு அப்பறம் பார்க்கிற ஜாதி இல்லை. அது எவ்வளவு பெரியது என்பது எங்கள் எஸ்டேட்டுக்கே தெரியும். முடியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கோலா சிலாங்கூரில் ஒரு குத்தகையாளர் சம்பளத்தோடு பயிற்சி தருகிறார் என்று கேள்விப்பட்டு ஃபோன் போட்டேன். எடுத்த மேற்பார்வையாளர் தமிழாசிரியர் வீட்டுப் பிள்ளையாம். பேச்செல்லாம் புத்தகத் தமிழ்.

"கம்பத்தில் வேலை செய்யப் பயமில்லையே?"

எங்கள் பக்கம் கம்பம் என்றால் மலாய்க்காரர்கள் வாழும் கிராமம். மின்சாரத் தூணுக்குப் பெயர் தியாங். தஞ்சோங் காராங் வயல்பக்கம் அனுப்புவார் போல என்று நினைத்துக்கொண்டு, "கம்பத்துல என்ன சார் பயம்? அங்கயே படுத்துத் தூங்குவேன்" என்றேன்.

மறுநாள் போனால், திடல் நடுவில் ஒரு தியாங். உச்சிவரை ஏறினால்தான் வேலை. சுற்றிலும் என்னைப் போலப் பயிற்சிக்கு வந்தவர்கள். நான் ஃபோனில் சொன்னது அதற்குள் அவர்கள் காதுக்கும் போயிருந்தது.

"தியாங்ல தூங்குற ஆளு இவருதானா? பாய் கொண்டாந்தீங்களாண்ணே?"

நான் காற்றாடி துடைக்க நாற்காலியில் ஏறினால்கூட அக்காவின் தலையைப் பிடித்துக்கொள்கிறவன். மேற்பார்வையாளர் என் இடுப்பையும் பாதுகாப்பு பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்."

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் பின்னால் எவனோ சிரித்துவிட்டான். பெல்ட்டையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு, தியாங்கில் சாய்த்திருந்த ஏணியில் ஏறினேன்.

ஏணியில் பாதி தாண்டியதும் கால்கள் தாமாக ஆடின.

"எறங்கிடுங்கண்ணே, தியாங் பாவம்லா."

"ஆடுறது நான் இல்லடா, தியாங்தான்" என்று கத்திவிட்டு உச்சியைத் தொட்டேன்.

இறங்கியதும் மேற்பார்வையாளர் தண்ணீர் கொடுத்தார். "உங்களுக்குக் கிடங்கு வேலை தருகிறேன். சாமான் எடுத்துக் கொடுத்தால் போதும். அதே சம்பளம். கால் தரையிலேயே இருக்கும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். என் முழங்கால்கள் இரண்டும் உடனே சம்மதித்துவிட்டன. வாய்தான் கேட்கவில்லை.

"பயமாத்தான் சார் இருக்கு. ஆனா ஏறிட்டேன்ல? ஏறினவனக் கீழ உக்கார வச்சிட்டு, மேல யார அனுப்பப் போறீங்க? நான் வந்தது லைன் வேலைக்கு."

அவர் என் பெல்ட்டின் கொக்கியை இழுத்துச் சரிபார்த்தார்.

"சரி. கையுறையைக் கழற்றாதீர்கள். இன்னொரு முறை ஏறுங்கள். இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டு."